‘அவர்’ போய் ‘அவன்’ வந்த அத்தியாயம்

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், நம் வீட்டில் கதைப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தமிழ்க் கதை வேண்டுமாம். அதுவும் பெரிய கதை, பழைய கதை. அவள் கேட்ட வேகத்தைப் பார்த்தால் கீழே யாரோ வாசலில் காத்து நிற்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். கொல்கத்தாவில், டாலிகஞ்சில் ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நான் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் ஃபிட்டர். பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன். மகள் பிறந்ததிலிருந்து இங்கேதான் வளர்ந்தாள். வங்காளியில் சண்டை போடுவாள், வங்காளியில் கனவு காண்பாள். தமிழ் பேசுவாள். ஆனால் படிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாகத் தடவித் தடவித்தான் போவாள். ஆகவே அவள் தமிழ்க் கதை கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் சந்துக்காரர்கள் வருஷம்தோறும் சரஸ்வதி பூஜை போடுவார்கள். நம் ஊரில் புரட்டாசி ஐப்பசியில் வருவது இங்கே தை மாசியில் வரும். அன்று சாயங்காலம் மேடை போட்டுப் பாட்டு, நடனம், ஷ்ருதிநாட்டக் எல்லாம் நடக்கும். ஷ்ருதிநாட்டக் என்றால் வேஷம் கிடையாது, நடமாட்டம் கிடையாது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு, குரலால் மட்டும் நடிப்பது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பிரியம். அந்த வருஷம் யார் யார் என்ன செய்வது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தபோது, என் மகளைப் பார்த்து ஒருத்தி, “உங்க பாஷையில கதையெல்லாம் உண்டா? டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரிதானே பேசுவீங்க” என்று கேட்டிருக்கிறாள். இவள் உடனே போய், ஒரு தமிழ் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வங்காளியில் நடிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எந்த நாவல் என்று அவளுக்கே தெரியாது.

இதில் ஒரு பயம் இருந்தது. மேடை போடும் திடலின் ஓரத்தில் முட்டை ரோல் கடை ஒன்று உண்டு. எங்கள் சந்து ஜனங்கள் மரியாதைப்பட்டவர்கள். பிடிக்காத நிகழ்ச்சி வந்தால் கத்த மாட்டார்கள், விசில் அடிக்க மாட்டார்கள். எழுந்து ரோல் கடைக்குப் போய்விடுவார்கள். மேடையில் இருப்பவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். போன வருஷம் ஒரு தபேலாக்காரருக்கு அப்படி நடந்தது. என் மகளுக்கு வேண்டியது பரிசு இல்லை, கைதட்டல்கூட இல்லை. அவளுடைய கதை முடிகிற வரை யாரும் எழுந்து ரோல் கடைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

புத்தகம் என் மனைவியிடம் இருந்தது. கல்லூரி விடுதியில் யாரோ கொடுத்ததாம். கொடுக்கும்போதே அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆற்றங்கரைத் துறைமுகம் ஒன்றில் நடக்கிற கதை. சரக்குப் படகுக்காரரிடம் கணக்குப்பிள்ளையாக இருக்கும் ஒருவர், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விடுகிறார். அவள் சாக்குப் பை தைத்துப் பிழைக்கிறாள். பல வருஷம் கழித்து அவர் திரும்பி வருகிறார். அவர் திரும்பி வரும் அத்தியாயத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். அவர் போவதற்கு முந்தின நாட்களைச் சொல்லும் சில பக்கங்களையும் முன்னால் சேர்த்துக்கொண்டோம்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாகப் படிப்பேன், மகள் கேட்டுக் கேட்டு வங்காளியில் எழுதுவாள். நான் கதை படித்துப் பழக்கப்பட்டவன் இல்லை. எந்திரத்தின் வரைபடத்தைப் படிப்பதுபோல ஒரு வரியும் விடாமல் படிப்பேன். அதுவே நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

முதல் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்தது, வாசல் தெளிந்தது, அடுப்பு எரிந்தது, இலை விழுந்தது, சோறு வந்தது, அவர் சாப்பிட்டார், அவர் கிளம்பினார், விளக்கு எரிந்தது, அவர் வந்தார். இந்த மாதிரியே பக்கம் பக்கமாகப் போகிறது. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எப்பா, இந்த வீட்டுல யாருப்பா சோறு ஆக்குறது?”

நான் திரும்பிப் பார்த்தேன், அதாவது பக்கத்தை. அவள் சொல்வது சரி. அந்த மனைவி வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு வாக்கியத்திலும் அவள் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் தானாக நடக்கிறது. அடுப்பு தானாக எரிகிறது, சோறு கால் முளைத்து வருகிறது. செய்கிறவர் அவர் ஒருத்தர்தான். சாப்பிடுவது அவர், கிளம்புவது அவர். அடுக்களையிலிருந்து என் மனைவி, “நம்ம வீட்டுலயும் அப்பிடித்தான். தானா வருது. ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான இருக்கீங்க” என்றாள். அன்று பாத்திரம் தேய்த்தவன் நான்.

ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே ஒரு பரபரப்புத் தொற்றிக்கொண்டது. பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடினோம். அவர் ஊரை விட்டுப் போன மறுநாள் காலையில்தான் ‘அவள் அடுப்பை மூட்டினாள்’ என்று முதல்தடவையாக வருகிறது. ‘எரிந்தது’ போய் ‘மூட்டினாள்’ வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் அவள்தான். திறந்தாள், தைத்தாள், விற்றாள், திட்டினாள். பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது பரீட்சைக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு பெண்ணை எழுவாய் ஆக்காமல் இத்தனை பக்கம் வைத்திருந்து, ஒரு நாள் காலையில் எழுவாய் ஆக்கினால், படிக்கிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளே, உங்கள் பாடப் புத்தகத்தில் ‘தன்வினை, பிறவினை’ என்று வரும்போது தூங்கிவிடாதீர்கள். அதற்குள் ஒரு வீடே இருக்கிறது.

மறுநாள் அவர் திரும்பி வரும் இடத்துக்கு வந்தோம். அதுவரை அந்த நாவல் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தது. அண்ணனோடு சண்டை போட்டபோதும் ‘அவர்’தான், சொல்லாமல் போனபோதும் ‘அவர்’தான். திரும்பி வந்து வாசலில் நிற்கிறார். அவளை ஏறிட்டுப் பார்க்கிறார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் விட்டுப்போன குடை இருக்கிறதா என்று கேட்கிறார். அவள் இருக்கிறது என்கிறாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

“நிறுத்துங்க” என்று என் மனைவி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். “அங்க ‘னார்’ இல்ல. புஸ்தகத்தப் பாத்துப் படிங்க.”

பார்த்தேன். ‘அவன் செருப்பைக் கழற்றினான்’ என்று இருந்தது. நான் அதை அச்சுப் பிழை என்று நினைத்து, படிக்கும்போதே திருத்திவிட்டேன். பெரிய மனிதரை எப்படி ‘அவன்’ என்று சொல்வது என்று என் வாய் தானாகவே மரியாதை சேர்த்துவிட்டது. என் மனைவி ஈரக் கையோடு நின்றுகொண்டு, “அந்த ஒரு எழுத்துக்காவத்தான் நான் இந்தப் புஸ்தகத்த ஊரு ஊராத் தூக்கிட்டு அலையுதேன். நீங்க அதத் திருத்துதீங்களே” என்றாள்.

மகள் என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடியும் படித்தேன். கதையில் அவள் அழவில்லை, அவர் மேல் கோபப்படவில்லை, எழுதினவர் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. ‘குடையைக் கேட்டார்’, அடுத்த வரி ‘கழற்றினான்’. ஓர் எழுத்து மாறியதில் அந்த மனிதர் படியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். அவருக்கே அது தெரியாது. அவள் வாயைத் திறந்து பேசும்போது இன்னும் மரியாதையாகத்தான் பேசுகிறாள். ‘சாப்பிடுகிறீர்களா’ என்றுதான் கேட்கிறாள். வாய் ‘நீங்கள்’ என்கிறது, கதை ‘அவன்’ என்கிறது.

“மானே, அவ மனசுக்குள்ள சொன்னத கதை வெளிய சொல்லிருச்சு” என்றாள் மகள். வங்காளியில் ‘மானே’ என்றால் ‘அதாவது’. எதையாவது கண்டுபிடித்தால் அவளுக்கு அந்தச் சொல் வந்துவிடும்.

கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். நான் அவரை தாதா என்பேன், மகள் காக்கு என்பாள், அண்ணன், சித்தப்பா என்று மரியாதையும் உறவும் சேர்ந்த சொற்கள். ஸ்டூடியோவில் டி.வி. தொடர்களுக்குக் குரல் கொடுப்பது அவர் தொழில். ஒரே நாளில் மூன்று வில்லன்களுக்கும் ஒரு சாமியாருக்கும் பேசுவார். அவர் கணவனாகப் பேச ஒப்புக்கொண்டார். மகள் மனைவி. நடுவில் கதை சொல்கிற குரலுக்கு நான். நான் எவ்வளவோ மறுத்தேன். என் வங்காளி கப்பல் பட்டறையில் பழகினது என்றேன். உங்கள் ஊர்க் கதைக்கு உங்கள் ஊர் நாக்குதான் வேண்டும், ஜனங்கள் அந்த வாடைக்குத்தான் உட்காருவார்கள் என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

முதல் ஒத்திகை அவர் வீட்டில், பொரியும் டீயுமாக நடந்தது. கேட்பதற்கு ஆள் அவர் மனைவி. மகளுக்கு அவர் காகிமா, அதாவது சித்தி. வெடுக் வெடுக்கென்று பேசுவார், ஆனால் நம் வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் படியேறி வருவதும் அவர்தான். முதல் பக்கம் முடிவதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இந்தப் பொண்ணு யாரு? இவருக்கு இவ என்ன வேணும்?”

மனைவி என்றாள் மகள். காகிமா நம்பவில்லை. “பெண்டாட்டியா? நான் பேங்க் கவுண்டர்ல இருக்கற பொண்ணுன்னு நினைச்சேன்.”

என்ன ஆயிற்று என்றால், வங்காளியில் ‘நீ’க்கு மூன்று படி உண்டு. ‘துயி’ என்பது மிக நெருக்கம், ‘தூமி’ நடு, ‘ஆப்னி’ நம் ‘நீங்கள்’. நாவலில் மனைவி கணவனை ‘நீங்கள்’ என்கிறாள் என்று மகள் ஒழுங்காக ‘ஆப்னி’ போட்டு எழுதிவிட்டாள். இங்கே எந்தப் பெண்ணும் கணவனை ஆப்னி என்பதில்லையாம், தூமிதான். காகிமா கணவரைக் காட்டி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை ஒரே தடவைதான் ஆப்னி என்று சொன்னேன், அவருடைய அக்கா வீட்டுச் சண்டையில், அன்று இவர் பயந்துபோய்த் தானே சோறு போட்டுத் தின்றார் என்றார். தாதா பொரியை மென்றுகொண்டு, நிஜம்தான் என்று தலையாட்டினார்.

மேலே வந்து இதைச் சொன்னதும் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நானும் ஒங்கப்பாவ நீங்கன்னுதான் சொல்லுதேன். அதுக்காவ நான் பேங்க்லயா இருக்கேன்?” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆப்னி எல்லாவற்றையும் அடித்துவிட்டு தூமி என்று எழுதினோம்.

‘அவர்’ ‘அவன்’ ஆகும் இடம்தான் மிச்சம். வங்காளியில் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது, இரண்டுக்கும் ‘ஷே’. ஆனால் மரியாதைக்குத் தனிச் சொல் உண்டு, ‘தினி’. வினைக்கும் வால் மாறும். வந்தார் என்றால் ‘எலென்’, வந்தான் என்றால் ‘எலோ’. அது போதும் எங்களுக்கு. கதை சொல்கிற நான் ஆரம்பத்திலிருந்து ‘தினி எலென்’ என்று போக வேண்டும், குடையைக் கேட்டபின் வரும் செருப்பு வரியில் ‘ஷே’ என்று இறக்கிவிட வேண்டும். அந்த ஒரு கத்தி வெட்டு என் கையில் இருந்தது. என் வேலைத்தளத்தில் க்ரேன் எலோ, லாரி எலோ, ஃபோர்மேனும் எலோதான். ஆகையால் மகள் என் பகுதியை எழுதியபோது ‘எலென்’ வருகிற இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ‘எலென், கேலென், போஷ்லென்’, வந்தார், போனார், உட்கார்ந்தார் என்று முனகிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பூஜை நாள் வந்தது. மகள் அவள் அம்மாவின் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் போய்ப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று புத்தகங்களைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைப்பார்கள். எல்லாவற்றையும் இல்லை, தங்களுக்கு எது வராதோ அதை. அதனால் அங்கே கணக்குப் புத்தகம்தான் மலைபோலக் கிடக்கும். மறுநாள் காலைப் பூஜை முடிந்து எடுக்கிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது.

சாயங்காலம் மேடைக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு நடனம் ஓடிக்கொண்டிருந்தது. தாதா தன் தாளை எடுக்க மறந்துவிட்டதாகவும், பரவாயில்லை, மகளிடம் இருப்பதில் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் என் தாளைக் கேட்டேன். மகளின் முகம் மாறியது.

“எப்பா” என்று அவள் பந்தல் பக்கம் கையைக் காட்டினாள். “எனக்கு எல்லாத்தவிட அதுதான பயமா இருந்துச்சு. அதான் அத வச்சேன்.”

எங்கள் இரண்டு பேர் தாளையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டாள், நாவலையும் வைத்துவிட்டாள். பிள்ளைகள் பயப்படும் பாடத்தை வைப்பார்கள் என்றால், அவள் பயந்தது கணக்குக்கு இல்லை. ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கவில்லை. வங்காளிப் பிள்ளைகள் யாரும் அன்று ராத்திரி மேடைக்கு வேண்டிய தாளைக் கொண்டுபோய் அங்கே வைக்க மாட்டார்கள், அவர்களுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியும். எங்கள் வீட்டிலோ காலையில் அவள் அதை எடுத்துக்கொண்டு போனபோது நானும் என் மனைவியும் நல்லது, வை என்று தலையாட்டினோம், மறுநாள் வரை தொடக் கூடாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தாதா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, புரோகிதர் போய்விட்டார், ஓரமாகத்தானே இருக்கும், மெதுவாக உருவிவிடலாம் என்றார். என் மனைவி அந்த நேரம் பார்த்து அங்கே வந்து சேர்ந்தாள். கும்பிட்டுக் கொடுத்ததை நடுவில் உருவுவதா என்று ஒரு பார்வை பார்த்தாள். மகளும் மாட்டேன் என்றுவிட்டாள். தனக்கு எல்லாம் மனப்பாடம் என்றாள். தாதாவுக்கு வசனம் கேட்டாலே ஒட்டிக்கொள்ளும், அது அவர் பிழைப்பு. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மூன்று மைக். எதிரே சந்து முழுவதும் உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் காகிமா சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். டப்பாவில் கல் என்று சொன்ன பெண் மூன்றாவது வரிசையில் இருப்பதாக மகள் என் காதில் சொன்னாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார் என்று சொல்ல வேண்டும். ‘ஷே எலோ’ என்றேன்.

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாக்கியத்தையும் ‘ஷே’ என்றே சொன்னேன். மகளின் கால் மேஜைக்கடியில் என் காலைத் தேடி வந்து ஒரு மிதி மிதித்தது. அப்போதுதான் புரிந்தது. முதல் வரியிலேயே அந்த மனிதரை நான் கீழே இறக்கிவிட்டேன். இனி இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது சுதாரித்துக்கொண்டு ‘தினி’ என்று ஆரம்பித்தால், அவர் நடுவில் பெரிய மனிதர் ஆகிவிடுவார், கதையே தலைகீழாகிவிடும். வேறு வழியில்லாமல் ‘ஷே’ என்றே ஓட்டினேன். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள்.

ஆனால் அடுத்து வந்தது தானாக நடக்கிற வீடு. அடுப்பு எரிந்தது, சோறு வந்தது. அதற்கு என் பட்டறை வங்காளியே போதும், சோற்றுக்கு ‘எலோ’தான் சரி. பயம் விட்டுப்போய் நன்றாகவே சொன்னேன். ‘பாத் எலோ’ என்று இரண்டாவது தடவை சொன்னபோது முதல் வரிசையில் காகிமா பக்கத்திலிருந்தவரிடம், தன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று நினைக்காமல், “சமைக்கிறது யாரு?” என்று கேட்டார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. எழுந்து நின்றவர்களில் ஒருவர் என்ன சிரிப்பு என்று பார்க்க மறுபடியும் உட்கார்ந்தார்.

அவர் போனார். அவள் அடுப்பை மூட்டினாள். சிரிப்பு நின்றது. மகள் தனியாகப் பேசுகிற வருஷங்கள் அவை. சாக்குத் தைப்பது, கடைக்காரனோடு பேரம். அவள் கையில் தாள் இல்லாததால் தலை குனியவே இல்லை, நேரே ஜனங்களைப் பார்த்துப் பேசினாள். பிறகு கதவு தட்டும் சத்தம், தாதா மேஜையில் தட்டினார். நான் ‘ஷே எலோ’ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். ஆரம்பத்தில் எப்படிச் சொன்னேனோ அப்படியே. அந்த வாக்கியத்தில் ஒரு கனமும் இல்லை. தாதா தன் வில்லன் குரலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சாதாரணமாக, குடை இருக்கிறதா என்று கேட்டார். மகள் இருக்கிறது என்றாள்.

அடுத்தது அவள் வரி. ‘தூமி பாத் காபே?’ நீ சோறு சாப்பிடுகிறாயா. அப்படித்தான் எழுதியிருந்தோம், என் செருப்பு வரியை அதற்குப் பின்னால் கடைசியாக வைத்திருந்தோம். நாவலில் கத்தி விழுகிற இடத்தை நான் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

மகள் தாதாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, வந்தவரை உபசரிக்கும் குரலில், மிக மெதுவாகக் கேட்டாள்.

“ஆப்னி பாத் காபேன்?”

தாதா திரும்பிப் பார்த்தார். நடிப்பில்லை, நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய ‘போடு’ என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. முதல் வரிசையிலிருந்து காகிமா ‘இஷ்’ என்று மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ரோல் கடையில் தோசைக்கல்லைச் சுரண்டும் சத்தம்கூடக் கேட்டது, திடல் அவ்வளவு அமைதியாக இருந்தது. தமிழில் எழுதினவர் மரியாதையை எடுத்துவிட்டு அந்த மனிதரைத் தள்ளினார். என் மகள் மரியாதையைக் கொடுத்துத் தள்ளிவிட்டாள். தமிழில் இறக்கினால் விழுகிறவன், வங்காளியில் ஏற்றினாலும் விழுகிறான். விழுந்த இடம் ஒன்றுதான், அவளுக்கு அவர் அந்நியர். நான் கடைசி வாக்கியத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றினான்.

கைதட்டலெல்லாம் பிறகுதான். நான் பார்த்தது நாற்காலிகளை. பின்வரிசையில் நின்றிருந்தவர்கள் நின்றபடியே இருந்தார்கள். ஒருவர் கையில் ரோல் இருந்தது, அதை அவர் கடிக்கவில்லை.

இறங்கி வரும்போது, அது எப்படித் தோன்றியது என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. “தோணலப்பா. அந்த ஆளப் பாத்து தூமின்னு சொல்ல எனக்கு வாயே வரல” என்றாள்.

வழியை மறித்துக்கொண்டு காகிமா நின்றார். பின்னால் ஒரு கூட்டம், டப்பாக்காரப் பெண்ணும் அதில் இருந்தாள். காகிமாவுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவள் அவனுக்குச் சோறு போட்டாளா, இல்லையா. பதில் அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. மகள் அதைக் கேட்டதில்லை, நாங்கள் அதோடு நிறுத்தியிருந்தோம். எனக்குத் தெரியும், நான் பஸ்ஸில் படித்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என் வாயைக் கையால் பொத்தியேவிட்டாள்.

“சொல்லாதீங்கப்பா. போட்டாளான்னு எனக்கு வேண்டாம். எப்பிடி எழுதிருக்காங்கன்னு நானே படிச்சுப் பாக்கணும்.”

நீ படிக்கிற வேகத்துக்கு மாசக் கணக்காகுமே என்று என் மனைவி தமிழில் சொன்னதை, மகளே வங்காளியில் காகிமாவிடம் சொல்லி, காத்திருக்கத்தான் வேண்டும் என்றாள். தாதா அதற்குள் ஒரு காலி மண்குவளையை எடுத்துக்கொண்டு டீக்காகத் தன் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். காகிமா கையிலிருந்த டீ ஃபிளாஸ்கைத் தன் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“அப்போ சீக்கிரம் படி. அதுவரைக்கும் இவருக்கு டீ குடுக்கலாமா வேண்டாமான்னு என்னால முடிவு பண்ண முடியாது.”